கேட்டால் கொடுக்க வேண்டிய குரல்

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து கார்த்திகா என்ற பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள், நேரில் பார்த்ததில்லை.

"மேடம், பழைய டோக்கன் பொட்டில இருக்குற குரல் ஃபைல் நீங்க எழுதுனதா? மேல ஒங்க பேரும் இல்ல, யாரு பேரும் இல்ல. கம்பெனி பேரு மட்டும் இருக்கு" என்றாள்.

ஊர் ஊராக ஆஸ்பத்திரி வைத்திருக்கும் ஒரு பெரிய குழுமம் நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் எங்கள் பெட்டிகளை வாங்க வந்திருக்கிறதாம். வாங்குவதற்கு முன் ஒரு பட்டியல் கேட்கிறார்கள். பெட்டிக்குள் என்னென்ன மென்பொருள் இருக்கிறது, ஒவ்வொன்றையும் எழுதியவர் யார், எந்த உரிமத்தின் கீழ் எடுத்தீர்கள் என்று வரிசையாக எழுதித் தர வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத் திறந்து வைத்த ஓப்பன் சோர்ஸ் என்றால் தப்பில்லை. ஆனால் சொல்லாமல் மறைத்தால் ஒரு பெட்டிகூட எடுக்க மாட்டார்கள். இரண்டு வாரமாகக் கார்த்திகா அந்தப் பட்டியலோடு உட்கார்ந்திருக்கிறாள். எல்லா வரியும் நிரம்பிவிட்டது, குரல் ஒன்றைத் தவிர.

"நான் எழுதுனது கொஞ்சந்தாம்மா. மேல பேரெல்லாம் இருந்துச்சு. அழிச்சது நான்தான்" என்றேன்.

 மெதுவாக, "ஏன் மேடம்?" என்றாள்.

நினைவிலிருந்த பெயர்களை அப்போதே சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஏன் என்பதை மட்டும் போனில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்ததும் அது அவளுக்கு மட்டும் எழுதுவதாகத் தோன்றவில்லை.

நான் மரகதம். சொந்த ஊர் சித்தையன்கோட்டை. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் ஒரே அறையில் நடந்துகொண்டிருந்த கம்பெனியில் சால்டரிங் வேலைக்குச் சேர்ந்தேன். எமர்ஜென்சி விளக்கு, கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர், கோயில் மணி அடிக்கும் மெஷின் என்று என்னென்னவோ செய்தோம். கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொடப் பயப்படாதவள் நான் ஒருத்திதான் என்பதால் நிரல் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மாலை வகுப்பும் பழைய புத்தகங்களும் தப்பாக எழுதித் திருத்தியதுமாக ஐந்தாறு வருஷம் போனது. அந்த வருஷங்களைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

முதலாளி தண்டபாணி சார் கீரனூர்ப் பக்கம். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். பதினாறு பேர் வேலை பார்த்தோம். பதினாறு பேருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். மத்தியானம் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார், தன் தூக்குச்சட்டியிலிருந்து தொட்டுக்கொள்ள வெஞ்சனம் எடுத்து எல்லோர் தட்டிலும் வைப்பார். 'முடியாது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. எதைக் கேட்டாலும் "பாக்கலாமுங்க" என்பார். அதை இழுத்துச் சொன்னால் நடக்கும். வெடுக்கென்று சொன்னால் நடக்காது. சேர்ந்த ஒரு வருஷத்தில் எல்லோரும் இதைப் படித்துக்கொள்வோம்.

அவருக்கு ஒரு காயம் இருந்தது. கரண்ட் வந்தால் வீட்டில் மணி அடித்துச் சொல்லும் மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்றை அவர் ராப்பகலாக உட்கார்ந்து உருவாக்கினார். எங்களிடம் வாங்கி விற்றுக்கொண்டிருந்த ஒருவரே அதைத் திறந்து பார்த்து, மூன்றே மாதத்தில் அதேபோலச் செய்து பாதி விலைக்கு விற்றார். அன்றிலிருந்து எங்கள் சர்க்யூட் பலகை எதுவும், சிப்பின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை உப்புத்தாளால் தேய்த்து அழிக்காமல் வெளியே போகாது. எந்தச் சிப் என்று தெரியாவிட்டால் யாரும் காப்பியடிக்க முடியாதல்லவா? நானும் ஆயிரக்கணக்கில் தேய்த்திருக்கிறேன். அப்போது அது சரியாகவே பட்டது. எங்கள் பொருள், எங்கள் உழைப்பு.

டோக்கன் பெட்டி என்ற யோசனை அவருடையதுதான். ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வாசலில் நின்று தொண்டை கிழியப் பெயர் கூப்பிடுவதைப் பார்த்துவிட்டு வந்து, "அம்மிணி, ஒரு பொட்டி தமிழ்ல பேரு சொல்லிக் கூப்பிடணுமுங்க. ஆகுமுங்களா?" என்று கேட்டார்.

இணையத்தில் தேடினேன். எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருள் ஒன்று கிடைத்தது. வெளிநாட்டில் சிலர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தார்கள். அதில் தமிழ்ப் பகுதியை எழுதியவர் மலேசியாவில் இருந்த சரவணமுத்து என்பவர். தன் ஓய்வு நேரத்தில், தனியாக எழுதியிருந்தார். 'இது ஆரம்பம்தான், பிழைகள் நிறைய உண்டு, தெரிந்தவர்கள் திருத்தி உதவுங்கள்' என்று ஃபைலின் தலையிலேயே ஒரு குறிப்பு வைத்திருந்தார்.

கூடவே உரிமமும் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து அதைப் படித்தேன். மூன்று விஷயம் புரிந்தது. எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் எழுதியவர் பெயரையும் உரிமத்தையும் நீக்கக் கூடாது. மாற்றி எழுதியதை ஒரு பொருளில் வைத்து யாருக்காவது கொடுத்தால், மாற்றிய மூலநிரலும், அதாவது நாங்கள் எழுதிய வரிகள் அப்படியே, உங்களுக்குக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரிவிக்க வேண்டும். கேட்டால் கொடுக்க வேண்டும். அவர் அதை யாருக்கு வேண்டுமானாலும் தரலாம்.

சாரிடம் போய்ச் சொன்னேன்.

"விக்கலாம்னு போட்டிருக்குதுங்களா?"

"விக்கலாம்னு இருக்கு சார். ஆனா..."

"அப்பச் செரி. மத்ததப் பொறவு பாக்கலாமுங்க."

வெடுக்கென்றுதான் சொன்னார். எனக்கும் பெட்டியைப் பேச வைக்கும் அவசரம். அந்த 'ஆனா'வை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த வரைக்கும் சின்னக் கம்பெனிகள் உரிமத்தைப் படிக்கும் விதம் இதுதான். 'இலவசம்' என்று வரும் வரியோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம்.

முதல் பெட்டியைத் திண்டுக்கல்லிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வைத்தோம். காலையில் கூட்டம் நிறைந்திருந்தபோது பெட்டி "முருக்கன்" என்று கூப்பிட்டது. முருகன் என்ற பெரியவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், எழவில்லை. பாண்டியம்மாளின் 'டி'யை 'வெட்டி'யில் வருவதுபோல அழுத்தியது. தங்கத்தைத் 'தன்க்கம்' ஆக்கியது. கூட்டம் சிரித்தது. சின்னப் பிள்ளைகள் பெட்டியைப் போலவே பேசிக்காட்டின. நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன்.

வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் போன் போர்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் ஜைனப். இருபத்தைந்து வயது இருக்கும். சின்ன வயதிலேயே காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டது. அங்கே டெலிபோன் ஆபரேட்டர் வேலை. கூட்டம் குறைந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒங்க பொட்டி தமிழ் பேசலக்கா. தமிழப் போட்டு அடிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. "எங்கெங்க தப்புன்னு சொல்லத் தெரியுமா?" என்றேன்.

"எனக்கு வேற என்ன வேல? நாள் பூரா கேக்குறதுதானே."

வாரத்தில் மூன்று நாள், மதியம் டூட்டி முடிந்ததும் அவளுடைய அப்பா, அவள் 'அத்தா' என்பாள், மொபெட்டில் கொண்டுவந்து எங்கள் கம்பெனி வாசலில் விட்டுப் போவார். பேகம்பூரில் அவருக்குத் தோல் மண்டி. ஐந்து மணிக்கு வந்து கூட்டிப் போவார். எட்டு மாதம் இப்படி நடந்தது.

வேலை செய்யும் முறையை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் வரும் பெயர்களை நான் ஒரு நோட்டில் எழுதி வருவேன். ஒரு பெயரைத் தட்டுவேன், குரல் சொல்லும். ஜைனப் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்பாள். தப்பு என்றால் எங்கே தப்பு என்பாள். நான் விதியைத் திருத்துவேன். 'ங்'குக்குப் பின்னால் 'க' வந்தால் மெலிய வேண்டும். 'ண்'ணுக்குப் பின்னால் 'ட' வந்தால் மெலிய வேண்டும். இரண்டு உயிருக்கு நடுவில் தனியாக வந்தால் மெலிய வேண்டும். இரட்டித்தால் அழுத்த வேண்டும். நாம் யோசிக்காமல் பேசுவதையெல்லாம் அதற்கு ஒவ்வொன்றாகச் சொல்லித் தர வேண்டியிருந்தது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும். 'ஜபருல்லா' சரியாகிற அன்றைக்குச் 'சின்னப்பன்' போய்விடுவார்.

"செத்த நேரம் முன்னாடி நல்லாச் சொல்லுச்சுக்கா. இப்ப கடைசி 'ம்'மு நீளுது. கொட்டாவி விடுற மாதிரி இருக்கு."

"எவ்வளவு குறைக்க?"

"அரிசி அம்புட்டு."

அரிசி அம்புட்டு என்றால் ஒரு எண்ணில் மூன்றைக் குறைக்க வேண்டும் என்று எனக்குப் பழகிவிட்டது. உளுந்து அம்புட்டு என்றால் ஐந்து. என் வேலைக்காலத்தில் நான் மகிழ்ச்சியாக இருந்த மாதங்கள் எவை என்று யாராவது கேட்டால் இந்த எட்டு மாதத்தைத்தான் சொல்வேன்.

திருத்திய பெட்டியை மறுபடி அதே ஆஸ்பத்திரியில் வைத்தோம். அது பெயர் சொன்னது. பெயருக்கு உரியவர் எழுந்து உள்ளே போனார். சிரிப்பு இல்லை. பெட்டி ஒன்று பேசுகிறது என்பதைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ஜைனப் போன் போர்டிலிருந்து என் பக்கம் திரும்பி, வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

தண்டபாணி சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு பட்டுச்சேலை வாங்கி ஜைனப்பிடம் கொடுத்து, "வேற என்ன வேணுமோ கூச்சப்படாமக் கேளுங்க அம்மிணி" என்றார்.

அவள் அவரிடம் கேட்கவில்லை. அவர் போன பிறகு என்னிடம் கேட்டாள்.

"அக்கா, இந்தக் குரல என் கம்ப்யூட்டர்ல போட்டுத் தாங்க. நான் படிக்கணும்."

அவள் வரலாறு எம்.ஏ. ஆசிரியர் தேர்வு எழுத வேண்டும் என்பது அவள் கனவு. வீட்டுக் கம்ப்யூட்டரில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் ஆங்கிலம்தான் படிக்கும். தமிழ்ப் பாடம் முழுக்க அவளுடைய தங்கை ஷமீம் வாசித்துக் காட்ட வேண்டும். ஷமீமுக்குக் கல்யாணம் முடிவாகி, இன்னும் இரண்டு மாதத்தில் புருஷன் வீட்டுக்குப் போகவிருந்தாள்.

"அவ போனப்பறம் எனக்கு யாருக்கா வாசிக்கிறது? இந்தக் குரல் இருந்தா யாரும் வேணாம். எம்புட்டு நேரம் வேணா, எத்தன தடவ வேணா வாசிக்கும்."

அதைச் செய்ய எனக்கு அரை நாள் போதும். அந்த மென்பொருள் பிறந்ததே கம்ப்யூட்டரில்தான். மறுநாள் காலையே சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். உரிமத்தையும் அச்சடித்துக் கையில் கொண்டுபோயிருந்தேன். ஆஸ்பத்திரி நம்மிடம் பெட்டி வாங்கியிருக்கிறது, அவர்கள் கேட்டாலே மூலநிரலோடு கொடுக்க வேண்டும், ஜைனப்புக்காக அவர்களே கேட்பார்கள், அதற்கு முன் நாமே கொடுத்துவிடலாம் என்றேன்.

அவர் காகிதத்தை வாங்கி மடித்து மேஜையில் வைத்தார்.

"அந்தப் புள்ளைக்குக் குடுக்கறதுல எனக்கொண்ணும் இல்லீங்க அம்மிணி. அது கம்ப்யூட்டர்ல போச்சுன்னா நாலாம் நாள் கோயமுத்தூர்ல இருக்கும். அஞ்சாம் நாள் நம்ம பொட்டி மாதிரியே பத்துப் பொட்டி வரும். பதனாறு குடும்பமுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"கேட்டா குடுக்கணும்னு எழுதியிருக்கு சார். நாம ஒத்துக்கிட்டுத்தானே எடுத்தோம்?"

 அவர் அதே தணிந்த குரலில் சொன்னார்: "கேட்டாக் குடுக்கணும். கேக்கலாம்னு தெரிஞ்சாத்தானே கேப்பாங்க? பொட்டியோட குடுக்கற புஸ்தகத்துல உரிமத்தச் சொல்ற அந்தக் கடைசிப் பக்கம் வேண்டாமுங்க. உள்ளயும் வேத்தாள் பேரு எதுவும் இருக்க வேண்டாம். நம்ம பேரப் போட்டுருங்க."

 நான் மறுத்திருந்தால் அவர் என்னை அனுப்பியிருப்பாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அனுப்பியிருக்க மாட்டார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. "பாக்கலாமுங்க" என்று இழுத்திருப்பாரோ என்னவோ. நான் சோதித்துப் பார்க்கவில்லை. "சரி சார்" என்றேன்.

அன்று சாப்பாட்டுக்கு முன்பே செய்து முடித்துவிட்டேன். கையேட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். உரிம ஃபைலை நீக்கினேன். தமிழ் ஃபைலைத் திறந்தேன். தலையில் சரவணமுத்து என்ற பெயர், அதற்குக் கீழே 'தெரிந்தவர்கள் திருத்தி உதவுங்கள்' என்ற வரி. இரண்டையும் தேர்ந்தெடுத்து அழித்துவிட்டு, கம்பெனி பெயரைத் தட்டினேன். சிப்பின் எண்ணைத் தேய்க்கும்போது கையில் தூசியாவது ஒட்டும். இதற்கு அதுவும் இல்லை.

மதியம் ஜைனப் வந்தாள். அவள் உட்காரும்வரை பொறுத்திருந்து சொன்னேன்.

"ஜைனப், அது அந்தப் பொட்டிக்குன்னே எழுதுனது. கம்ப்யூட்டர்ல ஓடாது."

அவள் தலையை ஒருபக்கம் சாய்த்தாள்.

"ஓடாதாக்கா?"

"ஓடாது."

"சரிக்கா."

அவ்வளவுதான். அத்தா வரும்வரை ஆஸ்பத்திரிக் கதைகள் பேசிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் கம்பெனிக்கு வரவில்லை. வர வேண்டிய வேலையும் இல்லை.

பெட்டிகளைச் சரிபார்க்க அந்த ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை நான் போக வேண்டியிருந்தது. ஜைனப் போன் போர்டில் இருப்பாள். அவள் தலைக்கு மேலே சுவரில் எங்கள் பெட்டி. காலையிலிருந்து மதியம்வரை அது பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டே இருக்கும், ஒரு பிசிறு இல்லாமல். அதன் ஒவ்வொரு எழுத்தையும் சரிசெய்தவள் கீழே உட்கார்ந்து நாள்தோறும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பக்கம்கூட அது வாசித்துக் காட்டாது. அந்த வருஷம் அவள் தேர்வு எழுதித் தோற்றாள். அடுத்த முறை எழுதவே இல்லை. வாசிக்க ஆள் இல்லை என்றாள். நான் அவசரமாக ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

மூன்று வருஷம் கழித்துக் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் சரவணமுத்து. அம்மாவின் சிகிச்சைக்காக மதுரைக்கு வந்தவர், ஆஸ்பத்திரியில் எங்கள் பெட்டி பேசுவதைக் கேட்டிருக்கிறார். 'ஒன்பது' என்பதற்குள் வரும் ஒரு சின்னத் தயக்கத்தை வைத்துத் தன்னுடைய குரல் என்று கண்டுபிடித்துவிட்டார். அவர் போட்ட பிழை அது; எங்கள் காதுக்குத் தப்பிவிட்டது. கோபமாக எழுதவில்லை. 'என் வேலை பயன்படுவதில் மகிழ்ச்சி. என்னால் முடியாத அளவுக்கு அழகாகத் திருத்தியிருக்கிறீர்கள். உரிமப்படி அந்தத் திருத்தங்களைத் தந்தால், பார்வையில்லாதவர்கள் பலர் காத்திருக்கிறார்கள்' என்று எழுதியிருந்தார்.

அச்சடித்து சாரிடம் கொடுத்தேன். இரண்டுமுறை படித்தார். "நம்ம சொந்தத் தயாரிப்புன்னு எழுதிருங்க அம்மிணி" என்றார்.

இந்த முறை 'ஆனா'கூட நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதி, கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன். எங்கள் குரல் முழுக்க எங்கள் உருவாக்கம், தங்களுடையதோடு ஒற்றுமை தோன்றினால் அது தற்செயல். அவர் மறுபடி எழுதவில்லை.

இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்ததில் என்ன மிஞ்சியது? அடுத்த இரண்டு வருஷத்தில் கோயமுத்தூர்க்காரர்கள் வந்தார்கள். எங்கள் குரலைத் திருடவில்லை. ஒரு வானொலி அறிவிப்பாளரை அழைத்துப் பேச வைத்துப் பதிவுசெய்து, எங்களுடையதைவிட இனிமையான பெட்டியைக் கொண்டுவந்தார்கள். எங்கள் விற்பனை சரிந்தது. வேறு பொருள்களால்தான் கம்பெனி நின்றது. தண்டபாணி சார் காலமானார், மகன் பொறுப்பேற்றார். உரிமம் என்றால் என்ன என்று வெளியூரில் படித்துவிட்டு வந்தவர் அவர். ஆனால் பழைய ஃபைல்களை யாரும் திறந்து பார்க்கவில்லை. திறந்து காட்ட வேண்டியவள் நான். ஓய்வு பெறும் நாள்வரை காட்டவில்லை.

கார்த்திகா போன் செய்த பிறகு அந்த மூலநிரலைக் கம்பெனி வெளியிட முடிவு செய்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, பெயர்களைத் திரும்பப் போட்டு, ஒரு பென்டிரைவில் எனக்கும் தந்தார்கள். ஷமீமின் நம்பரைத் தேடிப் பிடித்து ஜைனப் எங்கே என்று கேட்டேன். வத்தலக்குண்டில் இருக்கிறாள், அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை என்றாள். ஆகியிருக்க வேண்டியதைவிடப் பத்து வருஷம் தாமதமாக, ஆனாலும் ஆகியிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை போனேன். கதவருகில் நான் செருப்பைக் கழற்றும்போதே, "மரகதக்காவா? நடையில ஒரு கால் இழுக்குதே, முழங்கால் வலியா?" என்றாள்.

உள்ளே அவளுடைய போன் ஒரு பாடத்தைத் தமிழில் படபடவென்று வாசித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். நான் பென்டிரைவை அவள் கையில் வைத்து, அதில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இப்ப இது எதுக்குக்கா? நாங்களே செஞ்சுட்டமே."

அவளைப் போலப் பார்வையில்லாதவர்கள் பல ஊர்களில் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அந்த இலவச மென்பொருளையே எடுத்து, தமிழைத் திருத்தி எல்லோருக்கும் கொடுக்கிறார்கள்.

"முருகன்லேருந்து மறுபடி ஆரம்பிச்சோம். தங்கம், பாண்டியம்மா, ஜபருல்லா, எல்லாரும் திரும்ப வந்தாங்க. எது எது தப்பாச் சொல்லும்னு எனக்குத் தெரியும்ல? ஆனா எங்க திருத்தணும்னு தெரியாது. அதத் தெரிஞ்சவுக நீங்கதான். ரெண்டு வருஷம் ஆயிருச்சுக்கா."

அவளே தொடர்ந்தாள்.

"அந்த ரெண்டு வருஷம் இருந்திருந்தா கணக்கு வாசிக்க வச்சிருப்போம். பின்னம், சமன்பாடு எதையும் இது இன்னைக்கும் ஒழுங்கா வாசிக்காது. எங்க பள்ளிக்கூடத்துல கண்ணு தெரியாத பிள்ள ஒருத்தி கணக்கே எடுக்க முடியாமத்தான் வரலாறுக்கு வந்திருக்கா. எனக்கு வரலாறு பிடிக்கும். அவளுக்குக் கணக்குத்தான் பிடிக்கும்."

அவள் குற்றம் சொல்கிற தொனியில் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஜைனப், அன்னைக்குக் கம்ப்யூட்டர்ல ஓடாதுன்னு சொன்னேன்ல. அது பொய்" என்றேன்.

"தெரியும்க்கா."

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. மொத ரெண்டு வாரம் பொட்டி ஆஸ்பத்திரில இருந்துச்சு. ஒங்க கம்பெனில குரல் எனக்கு இடது கைப் பக்கம், கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல வந்துச்சு. அப்பறந்தான் பொட்டிய எடுத்தாந்து வலது பக்கம் வச்சீங்க."

எனக்கே மறந்து போயிருந்தது.

"அப்ப ஏன் ஜைனப் ஒண்ணுமே கேக்கல?"

"ஒரு தடவ கேட்டேனே. 'ஓடாதாக்கா'ன்னு. இன்னொரு தடவ கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும். அது வேணாம்னு விட்டுட்டேன்."

அவள் வேண்டாமென்று விட்ட அந்த இன்னொரு பொய்யை நான் வேறொருவரிடம் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்தேன். மறைத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். சரவணமுத்து எழுதியதையும் நான் எழுதிய மூன்று வரியையும் சொன்னேன்.

 தெருவில் பூ விற்பவர் ஒருவர் கூவிக்கொண்டு போனார். பிறகு அவள் போனை எடுத்து, ஒரு முகவரியை எனக்கு அனுப்பினாள்.

"அவரு இப்ப எங்க குழுவுலதான் இருக்காரு. வயசாயிருச்சு. இப்பவும் தெனமும் ஒக்காருவாரு. அந்தத் திண்டுக்கல் கம்பெனி ஏன் அப்புடி எழுதுச்சுன்னு இன்னைக்கும் கேப்பாரு. நீங்களே சொல்லிருங்கக்கா."

எழுத ஒரு வாரம் ஆனது. இந்த முறை தமிழில் எழுதினேன். பெயரை அழித்தது யார், ஏன், எந்த மேஜையில் உட்கார்ந்து என்பதையெல்லாம் எழுதி, கீழே என் பெயரைப் போட்டு, போன வியாழக்கிழமை அனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. அன்று அவர் மரியாதையாகக் கேட்டதற்கு நான் அனுப்பிய பதிலை நினைத்துக்கொள்கிறேன். அவர் எழுதாமலே இருந்தாலும் ஏன் என்று கேட்க எனக்கு வாயில்லை.